ஆச்சி வீட்டுக் குழு: ஞாயிறு காலை

காலை 8:12

பாளை மருமகன்: (படம்) மாமா, முன் பிரேக் பேட் மாற்றக் காரைத் தூக்கியாச்சு. ஜாக்கிக்குப் பக்கத்தில் ரெண்டு ஹாலோபிளாக் கல்லும் அண்டக் கொடுத்திருக்கிறேன். சரியா இருக்கா?

தச்சநல்லூர் மாமா: ஏலே, வண்டிக்கு அடியில் போயிட்டியா?

பாளை மருமகன்: இன்னும் இல்லை.

தச்சநல்லூர் மாமா: போகாதே. முதலில் இறக்கு. அந்தக் கல் சுவர் கட்டத்தான். பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் முன்கூட்டிச் சொல்லாது, பொலபொலவென்று நொறுங்கும்.

வள்ளியூர் சித்தப்பா: நான் இருபது வருஷமாகச் செங்கல் வைத்துத்தான் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே 😀

தச்சநல்லூர் மாமா: அத்தான், அதற்குக் காரணம் செங்கல் இல்லை, ஆச்சி கும்பிடுகிற சாஸ்தா.

பாளை மருமகன்: ஜாக்கிதான் தாங்குதே மாமா?

தச்சநல்லூர் மாமா: ஜாக்கி தூக்க, ஸ்டாண்ட் என்கிற இரும்புத் தாங்கிதான் தாங்க. வண்டியோடு வருகிற கத்திரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். ஹைட்ராலிக் என்றாலும் உள்ளே ஒரு சீல் தேய்ந்தால் போதும், தானாக இறங்கும். என்னிடம் 3 டன் ஸ்டாண்ட் ஒரு ஜோடி கிடக்கிறது, கொண்டு வருகிறேன்.

காலை 8:21

தச்சநல்லூர் மாமா: படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு அடையாக என்னலே வைத்திருக்கிறாய்?

பாளை மருமகன்: அம்மிக்குழவி.

ஆச்சி: என் குழவியா? சட்னிக்குத் தேங்காயைத் திருகி வைத்துவிட்டு வீடு பூராவும் தேடுகிறேன்!

தச்சநல்லூர் மாமா: உருளுவதைத் தடுக்க உருளுகிற கல்லையே வைத்த ஆள் நீ ஒருத்தன்தான். சதுரக் கட்டை வை, பனங்கட்டை என்றாலும் சரி.

பாளை மருமகன்: ஹேண்ட்பிரேக்கும் போட்டு, கியரிலும் நிறுத்தியிருக்கிறேனே?

தச்சநல்லூர் மாமா: இரண்டும் வேண்டும், ஆனால் கியரை நம்பாதே. உன் வண்டியில் கியர் முன் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் நின்றால் டிஃபரன்ஷியல், அதான் இரண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி, அதைச் சுற்ற விட்டுவிடும், தரையில் இருக்கிற மற்ற முன் சக்கரத்துக்கும் பிடிப்பு போச்சு. அப்புறம் பின் சக்கரத்து ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் மிச்சம். நாளைக்குப் பின்பக்கம் தூக்கினால் அதுவும் பாதிதான். அதனால் எதைத் தூக்கினாலும் தரையில் நிற்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.

வள்ளியூர் சித்தப்பா: இது எனக்கே தெரியாது.

பாளை மருமகன்: இறக்கிட்டேன் மாமா. முற்றத்தில் பேவர் கல், பரவாயில்லையா?

தச்சநல்லூர் மாமா: கல் அசைகிறதா என்று மிதித்துப் பார். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடு. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் பலகை போடாமல் நானும் ஒருதரம் தூக்கினேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது.

தச்சநல்லூர் மாமா: இன்னொன்று, வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடு. மேலே தூக்கிவிட்டு ஸ்பானரில் ஏறி மிதிக்காதே.

பாளை மருமகன்: ஜாக்கி எங்கே வைக்க?

தச்சநல்லூர் மாமா: கதவுக்குக் கீழ் விளிம்பைத் தடவிப் பார், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெட்டு இருக்கும். நடுவில் வை. ஸ்டாண்டில் உட்கார்த்தியதும் கையால் ஆட்டிப் பார்ப்போம். கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கப் போட்டுவிடுவோம். பாலத்தில் நெரிசல் இல்லையென்றால் 20 நிமிஷத்தில் வந்துவிடுவேன், அதுவரை தொடாதே.

ஆச்சி: குழவியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் குடுலே. சட்னியில் கிரீஸ் வாடை அடித்தால் மதியம் உனக்குச் சோறு கிடையாது.

பாளை மருமகன்: 🙏