போக்சோ வழக்கு: ஊரில் பேசி முடித்தால் வழக்கும் முடிந்துவிடுமா?

நம்பியூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டம் நம்பியூருக்கு அருகே உள்ள எங்கள் ஊரில், என் சித்தப்பா மகன் மீது அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகியிருக்கிறது. அவனுக்கு 22 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறான். பெண்ணுக்கு 17 வயது. இருவரும் ஓராண்டுக்கும் மேலாக விரும்பிப் பழகியதாக அவன் சொல்கிறான். பெண் கருவுற்றிருக்கிறார். அரசு மருத்துவமனையில் பதிவு செய்யச் சென்றபோது அங்கே வயதைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். பெண் வீட்டார் தாமாகப் புகார் எதுவும் தரவில்லை.

இரு குடும்பத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். "கோயில்ல வெச்சுத் தாலியக் கட்டீட்டாக் கேசு தன்னால போயிருமுங்க" என்று ஒரு பெரியவர் உறுதியாகச் சொல்ல, மற்றவர்களும் தலையசைத்துவிட்டார்கள். சித்தப்பாவும் அதையே நம்புகிறார். பையன் இப்போது தாராபுரத்தில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கிறான். காவலர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துச் சென்றுள்ளார்கள். திருமணம் செய்துவைத்தால் வழக்கு உண்மையிலேயே முடியுமா, முன்ஜாமீன் கிடைக்க வழி உண்டா, எப்படிப்பட்ட வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈரோடு வழக்கறிஞர்:

சகோதரருக்கு வணக்கம். முதலில் அந்தத் தாலிப் பேச்சை நிறுத்துங்கள். 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி தனிக் குற்றம். மணமகனுக்கு மட்டுமன்றி, நடத்திவைத்தவர்களுக்கும் தடுக்காமல் உடன்பட்ட பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. தலையசைத்த பெரியவர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். பெண் வீட்டார் புகார் தரவில்லை என்பதும் உங்களுக்கு உதவாது. தகவல் கொடுப்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு விதித்த கடமை. கொடுக்கத் தவறியிருந்தால் 21ஆம் பிரிவின்படி மருத்துவமனை மீதே வழக்கு வந்திருக்கும். வழக்கை நடத்துவது அரசு என்பதால், இரு குடும்பமும் கைகுலுக்கிக்கொண்டாலும் அது தானாக நின்றுவிடாது. 18 வயதுக்குக் கீழே பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை. கருவுற்றிருப்பதால் 5ஆம் பிரிவின் கடுமையான வகையில் வழக்கு சேரும். அதற்கு 6ஆம் பிரிவு விதிக்கும் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள். இதைச் சித்தப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

"கேசு போயிரும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2021 ஜனவரியில், ஈரோடு மகளிர் காவல் நிலையத்து வழக்கு ஒன்றில், பெண்ணும் அவருடைய தாயாருமே உயர் நீதிமன்றத்தை அணுகிக் கேட்டுக்கொண்டதன்பேரில், நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீதிருந்த போக்சோ வழக்கை ரத்து செய்தார். 2022இல் தமிழகத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும், மணமாகிக் குழந்தைகளோடு வாழும் குடும்பத்தைக் கலைக்க மனமின்றித் தண்டனையை நீக்கியது. ஆனால் அதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், சமரசம் ஆகிவிட்டது என்பதற்காகப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ரத்து மனு என்பது பிற்பாடு, பெண் தாமாக விரும்பினால், அன்றைய நிலையைப் பார்த்து முயலக்கூடிய ஒன்று. இன்றைக்கு அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

முன்ஜாமீனுக்கு வருகிறேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவின்படி மனு செய்யலாம். போக்சோ என்பதாலேயே முன்ஜாமீனுக்குத் தடை இல்லை. இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். 16 வயதுக்குக் கீழான பெண்ணை வன்புணர்ந்ததாகப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 65ஆம் பிரிவு சேர்க்கப்பட்டால் முன்ஜாமீன் மனுவே செல்லாது. ஓராண்டுக்கும் மேலான பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உறவு தொடங்கியபோது பெண்ணுக்கு 16 முடிந்திருந்ததா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. பெண் பட்டியல் சமூகத்தவராகவும் பையன் வேறு சமூகத்தவனாகவும் இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால், அதன் 18ஆம் பிரிவும் முன்ஜாமீனைத் தடுக்கும். முதல் தகவல் அறிக்கையைப் பார்க்காமல் இதற்கெல்லாம் பதில் சொல்ல இயலாது. பாலியல் வழக்குகளின் அறிக்கை இணையத்தில் வெளியிடப்படுவதில்லை. வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனு செய்து நகல் பெறுங்கள்.

வயதை நிறுவச் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையெனில் மருத்துவப் பரிசோதனை. பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது என்று தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. "எனக்கும் அந்தக் கருவுக்கும் சம்பந்தமில்லை" என்று பையன் சாதிப்பானேயானால், மரபணுப் பரிசோதனை முடிவு வந்த அன்றே அந்த வாதம் தரைமட்டமாகிவிடும். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கைப்பேசியில் இருவரும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளை ஒன்றையும் அழிக்கக் கூடாது. அழித்தால் தடயத்தை மறைத்ததாக இன்னொரு குற்றச்சாட்டு வருவதோடு, ஜாமீன் விசாரணையில் பயன்படக்கூடிய ஆவணமும் போய்விடும்.

முன்னாள் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்:

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு, அந்தப் பெண் குழந்தையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டார் எவரும் அவளை நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ள வேண்டாம். "நீ மாஜிஸ்திரேட் முன்னால் இப்படிச் சொல்லிவிடு" என்று அத்தை ஒருத்தி அன்பாகச் சொன்னாலும் சாட்சியைக் கலைத்ததாகத்தான் அது பார்க்கப்படும். கிடைக்கவிருந்த ஜாமீனும் கெட்டுப்போகும். கருவைத் தொடர்வதா வேண்டாமா, பெற்றோரோடு இருப்பதா இல்லத்தில் இருப்பதா என்பனவெல்லாம் அவளும் மருத்துவரும் நலக் குழுவும் பேசித் தீர்மானிக்க வேண்டியவை. விரும்பித்தான் பழகினாள் என்பதை உங்கள் தம்பி சொல்லித்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். அவள் என்ன சொல்கிறாள் என்பது இங்கே எவருக்கும் தெரியாது.

அவளுடைய பெயர், படம், படித்த பள்ளி, தெரு என எதுவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட வரக் கூடாது. போக்சோ 23ஆம் பிரிவும் நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவும் அதற்காகவே இருக்கின்றன. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியானதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நம் பகுதியில் பலருக்கும் நினைவிருக்கும்.

வழக்கறிஞரைத் தேர்வது குறித்தும் ஒரு சொல். "பெண்ணின் நடத்தையை இழுத்து நாறடித்து ஜெயித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சிறப்பு நீதிமன்றத்தில் குழந்தையிடம் எதிர்த்தரப்பு நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்விகளை நீதிபதியிடம் தர, அவரே கேட்பார். இழிவுபடுத்தும் கேள்விகளைப் போக்சோ 33ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. இது தெரியாதவரிடமா வழக்கைக் கொடுப்பீர்கள்?

கரூர் அன்பர்:

இதே வகை வழக்கைச் சந்தித்த குடும்பம் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் அக்கா மகனைத் தலைமறைவாக வைத்திருக்கச் சொல்லி யோசனை சொன்னவர்கள் ஏராளம். கைதான பிறகு ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வாருங்கள் என்று கூப்பிட்டபோது வந்தவர்கள் மிகக் குறைவு. சொத்து வரி ரசீது, ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றோடு வரத் தயாராக உள்ள இருவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கிடைத்த பிறகு தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை வரலாம். திருப்பூர் வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கம்பெனியில் முன்கூட்டியே விடுப்புக் கேட்பது நல்லது. எங்கள் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது என்பதால் நாங்கள் மதுரைக்கு அலைந்தோம். ஈரோடு மாவட்டத்துக்குச் சென்னைதான் என்பதை நினைவில் வைத்து, சென்னையில் ஒரு வழக்கறிஞரோடு தொடர்புள்ளவராகப் பாருங்கள்.

நம்பியூர் வாசி:

மூவருக்கும் நன்றி. திருமணப் பேச்சை நிறுத்திவிட்டோம். சித்தப்பாவுக்கு மனமில்லை என்றாலும், அந்த 2 ஆண்டுக் கடுங்காவலைக் கேட்டதும் பெரியவர்களே பின்வாங்கிவிட்டார்கள். இரு குடும்பமும் ஒரே சமூகம். ஊராட்சியின் பிறப்புச் சான்றுப்படி பெண்ணுக்குப் 17 வயது முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன என்று பெண்ணின் தாய்மாமனே எங்களிடம் சொன்னார். பழக்கம் பெண்ணுக்கு 16 முடிந்த பிறகே தொடங்கியதாகப் பையன் சொல்கிறான். இன்னும் இரண்டு ஐயங்கள். பையன் காவல் நிலையத்துக்குத் தானாகப் போய்விடலாமா? பணவசதி குறைவு என்பதால் இலவசச் சட்ட உதவி கிடைக்குமா?

ஈரோடு வழக்கறிஞர்:

பையன் தனியாகப் போக வேண்டாம், ஒளிந்திருக்கவும் வேண்டாம். இளம் வயதினரின் பரஸ்பரக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாமல், அழைப்பாணை அனுப்பி விசாரிக்கலாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைமை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அது அறிவுரைதான், உரிமை அன்று. இருந்தாலும் முன்ஜாமீன் மனுவில் அதைக் குறிப்பிடுவது வழக்கம். முதலில் ஈரோடு மகளிர் நீதிமன்றத்தில் மனு, அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். அழைப்பாணை வந்தால் வழக்கறிஞரோடு சென்று ஆஜராகட்டும். ஒருவேளை கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கும்; அந்த நாளை நாள்காட்டியில் குறித்து வைப்பது வழக்கறிஞரின் வேலை என்று விட்டுவிடாமல் நீங்களும் குறித்து வையுங்கள்.

சட்ட உதவி குறித்து: காவலில் இருப்பவர் எவராயினும் வருமானம் பாராமல் உதவி பெறத் தகுதியுடையவர். வெளியில் இருக்கும்போது வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் வருமானச் சான்றோடு மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்ணின் தாய்மாமனோடு இனி இது பற்றிப் பேச வேண்டாம். பிறப்புச் சான்றை நீதிமன்றம் வழியாகவே வரவழைத்துக்கொள்ளலாம். வக்காலத்தில் பையனின் கையெழுத்து வேண்டும் என்பதால், அவனைத் தாராபுரத்திலிருந்து நாளைக்கே வரச் சொல்லுங்கள். ஆதாரும் கம்பெனியின் பணிச் சான்றும் கையோடு இருக்கட்டும்.