பழைய தேக்கில் செதுக்கிய ரைபிள் கட்டை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கண்டனூர்க்காரர்:

எங்கள் ஐயா கட்டிய வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியைப் பங்காளிகள் சேர்ந்து பிரித்தபோது, என் பங்குக்கு வந்த பர்மா தேக்கு உத்தரத்தில் ஒரு துண்டை மட்டும் விற்க மனமில்லாமல் வைத்திருந்தேன். பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடும் என் மகளின் பழைய ரைபிளில் தோளில் அணைத்துப் பிடிக்கும் பீச் மரக் கட்டை விரிசல் விட்டதும், அந்தத் தேக்கிலேயே புதிய கட்டை செய்வது என்று முடிவு செய்தேன். குழலையும் விசையையும் தொடவில்லை.

வேலையை ஏற்ற ஆசாரி நிலைக்கதவும் சாமி வாகனமும் செய்து பழகியவர். அதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆக்‌ஷன் (குழலும் விசையும் பொருந்தியிருக்கும் இரும்புப் பகுதி) உட்காரும் பள்ளத்தை அவர் எடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் மெல்லப் பூசி, மரத்தில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சுரண்டுவார். பிறகு மறுபடியும் பூசுவார். இரண்டு நாள் இதே வேலைதான் நடந்தது. முடிவில் பள்ளத்தின் அடி முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தது.

என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. மகளைக் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றச் சொன்னார். கன்னம் மரத்தில் படிந்ததும், "இப்பக் கண்ணைத் திறங்க பாப்பா, என்ன தெரியுது?" என்று கேட்டார். குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும் பின்சைட் வளையத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை என்றாள். குறி தெரிவதற்காக அவள் கழுத்தை நிமிர்த்தியபோது, கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஆசாரி தம் சுண்டுவிரலை அதற்குள் நுழைத்துக் காட்டிவிட்டு, "அளவு யாரோடதுங்க ஐயா?" என்றார். பழைய கட்டையை என் தோளில் வைத்துப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த அளவு அது. ஆறு மாதமாகக் கழுத்து வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், பயிற்சி போதவில்லை என்றே நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

தேவகோட்டை உறுப்பினர்:

அளவைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் தேக்கைத் தேர்ந்தெடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அதே ஆசையில் செய்தவன். கன்னம் பதியும் பகுதியைத் தனியாகச் செதுக்கிப் பசையால் ஒட்டியிருந்தேன். பயிற்சியில் நாற்பத்தோராவது குண்டுக்காகத் தலையைச் சாய்த்தபோது அது கழன்று என் மடியில் விழுந்தது. ஒட்டிய முகத்தில் பசை கண்ணாடித் தகடுபோல உரிந்து வந்ததே தவிர, ஓர் இழை மரம்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதாக இருந்தால், புதிதாக இழைத்த முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த கையோடு எபாக்சி பூச வேண்டும். மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். அடுத்ததாக, கட்டையின் வெளிப்புறத்துக்கு மட்டும் மெருகு பூசிவிட்டு, ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தையும் தோளில் பதியும் பட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகத்தையும் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும். திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் முடுக்குங்கள். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். மரம் கொஞ்சம் அசைந்தாலும் குறி அட்டையில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், காஷ்மீரிலிருந்து வரும் அக்ரூட் மரமே நல்லது. அது இலேசாகச் செதுக்கவும் வரும், உளியின் கூர்மையையும் இந்த அளவுக்குத் தின்னாது.

காரைக்குடி ஆச்சி:

எங்கள் வீட்டில் ஈட்டி மரத்தில் செய்தோம். அதன் கருஞ்சிவப்பு ரேகையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோமே தவிர, எடை போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. போட்டிக்கு முந்தைய நாள் கருவிச் சோதனையில் தராசு 5.62 கிலோ என்று காட்டியது. விதிப்படி எல்லா உறுப்புகளும் சேர்த்து 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. என் மகன் தராசையே பார்த்துக்கொண்டு நின்ற முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்று இரவு விடுதி அறையில், பட் பிளேட்டைக் கழற்றி, கடன் வாங்கிய துளைக்கருவியால் மரத்தின் உள்ளே குடைந்து எடுத்தோம். எடை சரியாகிவிட்டது. ஆனால் பின்பக்கம் இலேசானதால் குழல் முன்னால் இழுக்கத் தொடங்கி, அறுபது குண்டுகளையும் அவன் தோள் கடுக்கக் கடுக்கச் சுட்டு முடித்தான்.

கோட்டையூர் உறுப்பினர்:

தேவகோட்டைக்காரர் பசையின் குற்றத்தைத் தேக்கின் மேல் சுமத்துகிறார். காய்ந்து வைரம் பாய்ந்த பழைய தேக்கு ஈரத்துக்கு எளிதில் வளையாது. அதனால்தான் நம் வளவு வீடுகளில் அந்தத் தூண்கள் இத்தனை மழைக்காலங்களைக் கடந்து நிற்கின்றன. பழைய மரத்தில் பயப்பட வேண்டியது ஆணிக்குத்தான். பழைய வீட்டு மரம் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய ஒரு சட்டத்தில், பாதி வேலை முடிந்த பிறகு, கைப்பிடி வரும் இடத்தில் உளி 'ணங்' என்று நின்றது. தலை ஒடிந்த ஆணி ஒன்று உள்ளே புதைந்திருந்தது. அதைச் சுற்றி மரம் மைபோலக் கறுத்திருந்தது. அறுப்பதற்கு முன் வலுவான காந்தத்தை நான்கு பக்கமும் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குண்டும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. பாயிண்ட் டூ டூ (.22 அங்குல) தோட்டா ரைபிளுக்கு உரிமம் கட்டாயம். அதற்குக் கட்டை மாற்றுவதாக இருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். தெரிந்த ஆசாரிதானே என்று அவர் பட்டறையில் ஓர் இரவுகூட விட்டுவைக்காதீர்கள்.

கண்டனூர்க்காரர்:

தேவகோட்டை அண்ணனுக்கு: கன்னம் பதியும் பகுதியை நாங்கள் பசையால் ஒட்டவில்லை. ஆசாரி அதைத் தனியாக அறுத்தெடுத்து, இரண்டு பித்தளைத் தண்டுகளின் மேல் ஏறி இறங்கும்படி செய்து, பக்கவாட்டில் திருகு வைத்துவிட்டார். மகளுக்குப் பதினேழு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. அந்த இடத்தில் தண்டின் மேல் அரத்தால் ஒரு கீறல் போட்டவர், பிள்ளைக்கு இன்னும் வளர்த்தி இருக்கிறது, தை மாதம் மறுபடியும் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.