மறு: ‘சஸ்டெய்னபிள் ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட்’ – ‘காடுகுன்றா மேலாண்மை’ சரியாக வருமா?

அன்புடையீர், வணக்கம்.

‘சஸ்டெய்னபிள் ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட் அண்ட் டெவலப்மென்ட்’ பற்றிய தேசியக் கொள்கை என்ற தலைப்பைத் தமிழாக்க முனைகையில், அதன் முன்பாதியான, காடு அழியாதபடி அதைப் பேணிப் பயன்படுத்துவதைக் குறிக்கும் ‘சஸ்டெய்னபிள் ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட்’ என்ற தொடருக்கு இந்த இழையில் இதுவரை மூன்று ஈடுகள் வந்துள்ளன: ‘நிலையான வன மேலாண்மை’, ‘நீடித்த வன மேலாண்மை’, இலங்கை நண்பர் எடுத்துக்காட்டிய ‘பேண்தகு வன முகாமைத்துவம்’. முதல் இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘நிலையான வன மேலாண்மை’ என்று படிப்பவர், அடிக்கடி அதிகாரிகள் மாறாத ஒரு நிருவாகத்தை எண்ணிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. ‘நீடித்த’ என்பதோ நடந்து முடிந்ததைச் சுட்டும் இறந்தகாலப் பெயரெச்சம். நீடித்த போர், நீடித்த வறட்சி என்பதுபோல, வேண்டாதது ஒன்று இழுத்துக்கொண்டே போனதைச் சொல்லவே அது பெரிதும் வழங்குகிறது.

‘பேண்தகு’ அழகான சொல். இலங்கையில் ‘பேண்தகு அபிவிருத்தி’ அரசு ஆவணங்களிலும் பாடநூல்களிலும் ஊன்றிவிட்டது. ஆயினும் பேணத்தக்கது காடுதானே ஒழிய மேலாண்மை அன்று. அடைமொழி தவறான பெயரின்மேல் ஏறி அமர்ந்துவிடுகிறது என்பதே என் தயக்கம். அங்கு வழக்கில் உள்ளதை மாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

தமிழ்நாட்டில் வழங்கும் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்ற தொடரின் இலக்கணத்தைப் பார்க்கலாம். ‘மழை பெய்யாத ஊர்’ என்னும்போது பெய்யாதது மழை. ஊர் அந்நிகழ்வுக்கு இடம். அதுபோலவே வளங்குன்றா வளர்ச்சியில் குன்றாதது வளம். வளம் குன்றாதபடி நடப்பது வளர்ச்சி. எது குறையக்கூடாது என்பதைத் தொடரின் முதற்சொல்லே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது என்பதால், அந்த முதற்சொல்லை மட்டும் மாற்றி வனவியலுக்கு இரண்டு தொடர்கள் கொண்ட ஓர் இணையையே ஆக்கிக்கொள்ளலாம் என்று கருதுகிறேன். ‘வளங்குன்றா வன மேலாண்மை’ என்று அப்படியே ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். காட்டில் ‘வளம்’ என்றதும் நம் மனம் மரக்கட்டைக்குப் போய்விடுகிறது. சிக்கலின் வேரே அங்குதான் இருக்கிறது.

1713-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிருவாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் வேண்டிய விறகும் மரமும் அருகிவருவதைக் கண்டு, வளர்வதற்கு மேல் வெட்டாத பயன்பாட்டை வலியுறுத்தினார். இன்று உலகெங்கும் பேசப்படும் இக்கருத்தின் ஜெர்மன் சொல் அவர் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஜெர்மன் மரபில் வந்த டீட்ரிஷ் பிராண்டிஸ் 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானார். ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டு, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து வெட்டும் பழக்கம் இங்கே வேரூன்றியது அக்காலத்தில்தான். அம்முறையில் குன்றக்கூடாதது வெட்டியெடுக்கும் மரத்தின் அளவு. காடு தேக்குத் தோட்டமாகவே மாறினாலும் கணக்கு இடிக்காது. ‘சஸ்டெய்ன்டு யீல்டு’ எனப்படும் இதற்கு ‘விளைவுகுன்றா மேலாண்மை’ என்பதே மிகப் பொருத்தம்.

விடுதலைக்குப் பிந்தைய 1952-ஆம் ஆண்டு வனக் கொள்கையும் இதிலிருந்து முழுதாக விலகவில்லை. காடுகளிலிருந்து என்றென்றைக்கும் இயன்ற அளவு மிகுந்த ஆண்டு வருவாய் பெறுவதை அது நாட்டின் தேவைகளுள் ஒன்றாகவே எண்ணியது. 1988-ஆம் ஆண்டுக் கொள்கைதான் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. சுற்றுச்சூழல் உறுதிப்பாடும் இயற்கைச் சமநிலையும் முதன்மை நோக்கம், நேரடிப் பொருளாதாரப் பயன் அதற்குக் கீழ்ப்பட்டதே என்று அது எழுத்தில் வைத்தது. 2007-இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற வனங்கள் குறித்த ஆவணமும், எல்லா வகைக் காடுகளின் பொருளாதார, சமூக, சூழலியல் மதிப்புகளை இன்றைய, வருங்காலத் தலைமுறைகளுக்காகக் காத்து மேம்படுத்துவது என்றே இக்கருத்தை விளக்குகிறது. இங்கே குன்றக்கூடாதது காடு. ஆகவே இதற்கு ‘காடுகுன்றா மேலாண்மை’ என்பது என் முன்மொழிவு. கொள்கையில் நேர்ந்த திருப்பம் ஒரே ஒரு சொல்லின் மாற்றத்தில் தெரிந்துவிடுவது இந்த இணையின் தனிச்சிறப்பு.

‘காடு குன்றா’ என்றால் பரப்பு மட்டும் குறையாதிருந்தால் போதும் என்று பொருள்படாதா என்ற ஐயம் எழக்கூடும். அது தள்ளக்கூடிய ஐயம் அன்று. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடோ மரப்போர்வையோ இருக்க வேண்டும் என்பது 1988 கொள்கையின் இலக்கு; 2023-ஆம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கையின்படி இரண்டும் சேர்ந்து 25.17 விழுக்காடு. ஆனால் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 விழுக்காட்டு மரக்கவிகை (மேலிருந்து பார்க்கையில் மரத்தலைகள் மூடும் பரப்பு) இருந்தால், என்ன மரம், யாருடைய நிலம் என்று பாராமல் அதை வனப்போர்வையாகக் கொள்வதே அக்கணக்கின் முறை. நீலகிரியின் புல்வெளிகளில் தைலமரமும் சீகையும் (வாட்டில் மரம்) நட்டபோது, இத்தகைய கணக்கில் காடு கூடியதாகத்தான் காட்டும். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து நீரைப் பிடித்துவைத்த மலையோ நலிந்தது. எனினும் தமிழில் ‘குன்றுதல்’ அளவுக்கு மட்டும் உரியதன்று. உடல்நலம் குன்றுகிறது, பொலிவு குன்றுகிறது என்கிறோம். இயல்பு கெடுவதும் அச்சொல்லுக்குள் அடங்குவதால், தைலமரக் காட்டைக் குன்றிய காடு என்று தயங்காமல் சொல்லலாம்.

பிரித்து எழுதினால் ‘காடு, குன்றா?’ என்று யாரேனும் மலையைத் தேடக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; சேர்த்தே எழுதுவோம். ‘வனங்குன்றா’ என்று வைத்தால் வனத்துறை, வனச்சட்டம் ஆகியவற்றோடு இசையும் என்பது உண்மையே, ஆனால் ‘வளங்குன்றா’விலிருந்து ஓரெழுத்துதான் வேறுபாடு, அச்சுப்பிழை பொருட்பிழையாகிவிடும். கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலமும்தான் என்பது மற்றொரு தடை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைப் பற்றி எழுந்த, கோதவர்மன் என்பவர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ‘ஃபாரஸ்ட்’ என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. தமிழ் அகராதியைப் புரட்டியிருந்தால் சோளக்காடும் சேர்ந்திருக்கும்! ‘காப்புக்காடு’ (ரிசர்வ் ஃபாரஸ்ட்) அரசு வழக்கிலேயே இருப்பதால், சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும் என நம்புகிறேன்.

தலைப்பின் பின்பாதியான ‘டெவலப்மென்ட்’ இங்கே நாட்டு வளர்ச்சியைக் குறிக்கவில்லை. காட்டை மேம்படுத்துவதையே குறிக்கிறது. எனவே ‘காடுகுன்றா மேலாண்மைக்கும் வன மேம்பாட்டுக்குமான தேசியக் கொள்கை’ என்று முழுத் தலைப்பையும் அமைக்கலாம்.

இதனோடு தொடர்புடைய ‘வொர்க்கிங் பிளான்’ என்பதற்கு, அதாவது ஒரு காட்டில் எதை, எங்கே, எப்போது வெட்டலாம், எப்படிப் பேணலாம் என்று வகுக்கும் திட்டத்துக்கு, ஈடு இன்னும் முடிவாகவில்லை. ‘செயல் திட்டம்’ என்பது ‘ஆக்‌ஷன் பிளா’னுக்குப் போய்விட்டது. மேற்சொன்ன உச்ச நீதிமன்ற ஆணையே, மைய அரசு ஒப்பிய இத்திட்டத்தின்படி அல்லாமல் மரம் வெட்டுவதை நிறுத்திவைத்த அளவுக்கு இது சட்ட எடை கொண்ட சொல் என்பதால், ‘வனப் பணித்திட்டம்’ போதுமா என்பதை வனத்துறையில் பணியாற்றிய உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.