புதுப்பிப்பு: ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிட்டதும் வந்த வாந்தி நின்றுவிட்டது

இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதத்தில், நாலு வாய் ரசம் சாதம் சாப்பிட்டாலே நெஞ்சை அடைத்து வாந்தி வருகிறது, புரதமும் ஒரு நாளைக்கு 30 கிராமைத் தாண்டவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் கொடுத்தது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். இப்போது தண்ணீர், மோர் எல்லாம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ரசமும் தண்ணீர்க் கணக்குதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை விட்ட நாலாம் நாள் வாந்தி நின்றது.

முதலில் முட்டை, மீன் அல்லது பனீர், வயிற்றில் இடமிருந்தால் சாதம் என்று மாற்றியதில் புரதம் 60 கிராமைத் தொட்டுவிட்டது. உணவியல் நிபுணர் எனக்குச் சொன்ன அளவு அது. புரதப் பவுடர் மட்டும் ஒத்துவரவில்லை, குமட்டியது.

எதிர்பாராத ஒன்று: நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ரொம்பவே பயந்துவிட்டேன். எடை வேகமாகக் குறையும்போது இது வரும், பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும் என்றார் மருத்துவர். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு. மாத்திரையைத் தவறாமல் போட்டேன், ஆனால் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து, காபி குடித்த கையோடு. இரண்டுமே இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இப்போது இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுகிறேன். அடுத்த மாதம் மறுபடி பரிசோதனை இருக்கிறது.