பாகிஸ்தான் அரசியலமைப்பு: உரிமை எழுத்தில் இருக்கிறது, உடைவது எங்கே?

உவர்மலை வாசகி:
வணக்கம். திருகோணமலையில் எங்கட வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் பாகிஸ்தானின் 1973ஆம் ஆண்டு அரசியலமைப்பை எடுத்திருக்கிறோம். 8 தொடக்கம் 28 வரையான உறுப்புரைகளில் அடிப்படை உரிமைகள் விரிவாக உள்ளன. கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று 10ஆம் உறுப்புரையே சொல்கிறது. எங்கட இலங்கை அரசியலமைப்பின் 13(2)இல் அந்த மணிக்கணக்கு இல்லை, அது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில்தான் வருகிறது. அரசியலமைப்பைக் கவிழ்ப்பது தேசத்துரோகம் என்று 6ஆம் உறுப்புரையும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் 1977இலும் 1999இலும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இன்றுவரை ஒரு பிரதமராவது ஐந்து வருடத்தை முடித்ததில்லை. "இராணுவம் பலமானது" என்ற பதில் எங்களுக்குப் போதவில்லை. சட்டத்துக்குள்ளே எந்தக் கதவு திறந்திருந்தது?

பழைய கோப்பு:
அந்தக் கதவு 1973க்கு முன்னமே திறந்துவிட்டது, தங்கச்சி. 1954 ஒக்டோபர் 24 அன்று ஆளுநர் நாயகம் குலாம் முகமது அரசியலமைப்புச் சபையைக் கலைத்தார். சபையின் தலைவர் மௌல்வி தமீசுதீன் கான் சிந்து தலைமை நீதிமன்றத்துக்குப் போய் வென்றார். 1955 மார்ச்சில் பிரதம நீதியரசர் முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கலைத்தது சரியா பிழையா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. எழுத்தாணை (அரசின் செயல்மீது நீதிமன்றம் இடும் கட்டளை) வழங்கும் அதிகாரத்தைத் தந்த 223-அ பிரிவுக்கு ஆளுநர் நாயகத்தின் ஒப்புதல் கிடைக்கவில்லை, எனவே அந்தப் பிரிவே செல்லாது என்று முடித்தது. நீதியரசர் கோர்னேலியஸ் மட்டும் மறுத்து எழுதினார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஒப்புதல் இல்லாத சட்டம் செல்லாது என்றால், அதே முறையில் அந்தச் சபை இயற்றிய மற்றச் சட்டங்களும் விழுந்துவிடும். நாடு சட்டமில்லாத வெளியில் நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அதே ஆண்டில் அதே நீதிமன்றம் "அவசியக் கோட்பாட்டை"க் கொண்டுவந்தது, அதாவது சட்டத்துக்கு மாறான செயலையும் அவசியம் என்ற காரணத்தால் செல்லும் என்று ஏற்பது. தான் தோண்டிய குழியைத் தானே காரணமாகக் காட்டியது என்பதுதான் என் வாசிப்பு.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. 1958இல் தோசோ வழக்கு, புரட்சி வென்றால் அதுவே சட்டம் என்றது. 1977இல் நுஸ்ரத் பூட்டோ வழக்கு, அந்த ஆண்டு ஆட்சியைப் பிடித்த ஜெனரல் சியாவின் செயல் அவசியம் என்றது. 2000இல் சபர் அலி ஷா வழக்கு, 1999இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் முஷாரபுக்கு மூன்று வருடமும், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரமும் கொடுத்தது. இடையில் 1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் இராணுவ ஆட்சியாளர் யாஹ்யாகானை ஆட்சியை அபகரித்தவர் என்று சொன்னது உண்மைதான். ஆனால் அப்போது அவர் பதவியிலேயே இல்லை.

இதில் இன்னொரு கருவி நீதிபதிகளின் சத்தியப்பிரமாணம். ஆட்சியைப் பிடித்தவர் "தற்காலிக அரசியலமைப்பு ஆணை" ஒன்றை வெளியிட்டு, அதன்கீழ் புதிதாகப் பிரமாணம் எடுக்கச் சொல்வார். எடுக்காதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1981இல் பிரமாணம் எடுக்காமல் விலகியவர்களில் ஒருவர் அன்வாருல் ஹக். 1977இல் சியாவுக்குச் சட்டத் தகுதி கொடுத்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய அதே பிரதம நீதியரசர். 2000 ஜனவரியில் பிரதம நீதியரசர் சயீதுசமான் சித்தீக்கியும் வேறு ஐந்து நீதியரசர்களும் மறுத்தார்கள். எஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களும்தான் சபர் அலி ஷா வழக்கைக் கேட்டார்கள். வழக்கின் முடிவு அந்தப் பிரமாண நாளிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

கிண்ணியா நூலகம்:
கவிழ்ப்பைப் பற்றி மட்டும் பேசினால் சாதாரண மனிதன் படும் பாடு மறைந்துவிடும். அதே 10ஆம் உறுப்புரையைக் கீழே வாசியுங்கள். 24 மணித்தியால விதி தடுப்புக்காவலுக்கு (குற்றம் சாட்டாமல் முன்னெச்சரிக்கையாக அடைத்து வைப்பதற்கு) பொருந்தாது. தடுப்புக்காவலில் முதல் மூன்று மாதத்துக்கு மீளாய்வுச் சபைகூடத் தேவையில்லை, காரணத்தை 15 நாளுக்குள் சொன்னால் போதும். பொது ஒழுங்குக் காரணம் என்றால் 24 மாதத்துக்குள் எட்டு மாதம்வரை வைத்திருக்கலாம்.

நடைமுறையில் 1960ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 3ஆம் பிரிவுதான் கையில் எடுக்கப்படும். மாவட்ட அதிகாரியின் ஒரு தாள் ஆணை. 199ஆம் உறுப்புரையின்கீழ் லாகூரிலோ பெஷாவரிலோ மேல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தால், சிறை வாசலிலேயே புதிய ஆணையோடு அல்லது வேறு மாவட்ட வழக்கோடு ஆளை மறுபடி பிடிப்பார்கள். இம்ரான் கான் கைதானபோது நடந்த 2023 மே 9 கலவரத்துக்குப் பிறகு இது திரும்பத் திரும்ப நடந்தது. ஆணையைத் தனித்தனியாக வெல்லலாம், தொடரை வெல்ல முடியாது. முந்திய ஆணைகள் எல்லாவற்றையும் ஒரே மனுவில் இணைத்து, கையில் உள்ள எல்லா வழக்குகளின் விபரத்தையும் வெளியிடுமாறு கேட்பது அதனால்தான்.

ஒரு விடயத்தில் அவர்கள் எங்களை விட முன்னால். அங்கே அடிப்படை உரிமைக்கு மாகாண மேல் நீதிமன்றமே போதும். இங்கே 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) போக வேண்டும். ஆட்கொணர்வு மனுவை 154P உறுப்புரை வழியாக மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம்.

கோணமலைக் காற்று:
பழைய கோப்பு அண்ணை நீதிமன்றத்தை ஒரே கறுப்பாகத் தீட்டிவிட்டார். சியா 1985இல் நுழைத்த 58(2)(பி)யை, அதாவது ஜனாதிபதியே தேசிய சபையைக் கலைக்கும் அதிகாரத்தை, வைத்து 1988, 1990, 1993, 1996 என நான்கு முறை சபை கலைக்கப்பட்டது. 1988 கலைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது, ஆனால் தேர்தல் நெருங்கியதால் சபையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1993இல் திருப்பியே கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 3 அன்று துணைச் சபாநாயகர் பிரதமர் இம்ரான் கான் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தள்ளி, சபையும் கலைந்தது. நான்கே நாளில் ஐந்து நீதியரசர்கள் ஒருமனதாக மீட்டார்கள். இங்கே 2018 நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைத்ததை டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் தள்ளியதோடு இதை வைத்துப் பாருங்கள்.

தீர்ப்பை மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் ஓட்டை. சபை கலைந்தால் 90 நாளுக்குள் தேர்தல் என்பது 224ஆம் உறுப்புரை. பஞ்சாப் சபை 2023 ஜனவரி 14 அன்று கலைந்தது. மே 14 அன்று தேர்தல் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் திகதியே குறித்தது. பணமும் பாதுகாப்பும் இல்லை என்றது அரசுத் தரப்பு. வாக்களிப்பு நடந்தது 2024 பெப்ரவரி 8 அன்று. எங்கட கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்ததை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

உவர்மலை வாசகி:
அப்ப 6ஆம் உறுப்புரையால் ஒரு பயனும் இல்லையா?

பழைய கோப்பு:
கோணமலைக் காற்று சொன்ன 2022ஐ ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எதிரே நின்றது அரசியல்வாதி, சீருடை அல்ல.

6ஆம் உறுப்புரையில் இரண்டு குறை. சியா அரசியலமைப்பை ஒழிக்கவில்லை, "நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்றார். 2010இல் 18ஆம் திருத்தம் அந்தச் சொற்களையும் குற்றமாக்கியது, எந்த நீதிமன்றமும் கவிழ்ப்பை ஏற்கக்கூடாது என்றும் சேர்த்தது. மற்றக் குறை இன்னும் இருக்கிறது. கூட்டாட்சி அரசு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால்தான் வழக்கு. முஷாரபின் 2007 நவம்பர் 3 அவசரநிலைக்கு முறைப்பாடு வந்தது 2013 டிசம்பரில். தண்டனை 2019 டிசம்பரில். அடுத்த மாதமே லாகூர் மேல் நீதிமன்றம் அந்த விசேட நீதிமன்றத்தையே செல்லாதது என்றது. உச்ச நீதிமன்றம் தண்டனையை 2024 ஜனவரியில் உறுதிசெய்தபோது முஷாரப் இறந்து ஏறக்குறைய ஒரு வருடம்.

பொதுமக்களை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிப்பதையும் படியுங்கள். 2023 ஒக்டோபரில் செல்லாது என்றார்கள், 2025 மே 7 அன்று செல்லும் என்றார்கள். அதற்குமுன் கோர்னேலியஸின் மறுப்பை வட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.