கார்புரேட்டருக்கு எந்த மஞ்சள்? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை மாலை

குழு: பெரிய வீட்டு மக்கள்

கார்த்திக் (டிராய், மிச்சிகன்), 6:42
பெரியப்பா, இருக்கீங்களா? பக்கத்து வீட்டுத் தாத்தாவின் 1969 செவ்ரோலெட் கமாரோ காரின் கார்புரேட்டர், பிளேட்டிங் (உலோகப் பூச்சு) கடையிலிருந்து வந்துவிட்டது. பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு.
[படம்]

பெரியப்பா (கோவை), 6:45
வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருக்கிறதே. போன மாதம் நீ போட்ட படத்தில், ஓரத்திலெல்லாம் மஞ்சள் தெரிந்தது. சாய்த்துப் பார்த்தால் பச்சையும் சிவப்புமாக ஓடுகிற மஞ்சள்.

கார்த்திக், 6:46
அதேதான். ராச்செஸ்டர் குவாட்ராஜெட் மாடல் கார்புரேட்டர். பாக்டரியிலிருந்தே அந்த மஞ்சளோடு வந்தது. சொல்லித்தான் கொடுத்தேன். "இது இன்னும் அழகு, துருவும் பிடிக்காது" என்று இப்படித் திருப்பித் தந்துவிட்டார்கள்.

பெரியப்பா, 6:51
நிக்கல் போட்டார்களா, ஜிங்க் (துத்தநாகம்) போட்டார்களா? அதை முதலில் கேள். நிக்கல் என்றால் கஷ்டம், உரிக்கும்போது அடியில் இருக்கிற துத்தநாகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கார்த்திக், 6:52
கேட்டுவிட்டேன். ஜிங்க் போட்டு, மேலே வெள்ளை பாசிவேஷன் (துருத் தடுப்புப் படலம்) கொடுத்தார்களாம்.

பெரியப்பா, 6:58
அப்பாடா. காப்பாற்றிவிடலாம். கார்புரேட்டரின் நடு உடம்பும் மேல் மூடியும் துத்தநாக டைகாஸ்டிங், அச்சில் வார்த்தது. அதன் மேல் தனியாக பிளேட்டிங்கே தேவையில்லை. சுத்தமாகக் கழுவி, குரோமேட் கரைசல் தொட்டியில் சில விநாடி முக்கி எடுத்தாலே மஞ்சள் வந்துவிடும். கூடுதலாக விட்டால் பழுப்பேறி, கையில் பொடியாக ஒட்டும். அடியில் இருக்கிற திராட்டில் பாடி (காற்றைக் கூட்டிக் குறைக்கிற பகுதி) அலுமினியம்தானே? அதை இயல்பான நிறத்தில் விடு, தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதே.

கார்த்திக், 6:59
அதையும் சேர்த்துத்தான் முக்கியிருக்கிறார்கள் பெரியப்பா 😔

சித்தி (சேலம்), 7:03
எல்லாமே பளபளவென்று இருந்தால் என்னப்பா குறை? கல்யாண வீட்டு வண்டி மாதிரி ஜோராக இருக்குமே.

கார்த்திக், 7:09
சித்தி, தாத்தா இந்த வண்டியை 1969இல் புதுசாக வாங்கியவர். இப்போது ஓட்ட முடியாமல் என்னிடம் கொடுத்திருக்கிறார். பானெட்டைத் திறந்தால் அன்றைக்கு அவர் பார்த்த என்ஜின் தெரிய வேண்டும். அன்றைக்கு இருந்தது பளபளப்பு இல்லை சித்தி. புல்லியும் பிராக்கெட்டும் பாதிப் பளபளப்புக் கறுப்பு, ஆல்டர்னேட்டர் வெறும் அலுமினியம், பிரேக் பூஸ்டர் மஞ்சள், பானெட் கீல்கள் பாஸ்பேட் ரசாயனப் பூச்சு போட்ட இருட்டுச் சாம்பல். அந்தந்தப் பாகம் அந்தந்த நிறத்தில் இருந்தால்தான் அது அந்த வண்டி.

சித்தி, 7:10
சரிப்பா, புரிகிறது. நல்லபடியாகச் செய்.

அருண் (சென்னை), 7:14
அண்ணா, என்ஜின் ஆரஞ்சுதானே? அது மட்டும் சுலபம், கடையிலேயே ஸ்ப்ரே டப்பா கிடைக்குமே.

கார்த்திக், 7:21
ஆரஞ்சு சரிதான்டா, செவ்ரோலெட் வி8 என்ஜின் அந்தக் காலத்தில் ஆரஞ்சு. ஆனால் மூன்று கம்பெனி டப்பா வாங்கினேன், மூன்றும் மூன்று ஆரஞ்சு. நேற்று வாட்டர் பம்பைக் கழற்றினேன். பின்னால் கிரீஸ் ஒரு விரல் கனம். மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டினால், உள்ளே ஐம்பது பைசா அகலத்துக்கு பழைய பெயின்ட், வெயிலே படாமல். அதை வைத்துத்தான் இனி நிறம் பார்ப்பேன்.
[படம்]

பெரியப்பா, 7:23
அந்த இடத்தைத் துடைக்காதே. அப்படியே இருக்கட்டும்.

கார்த்திக், 7:30
தொடவே மாட்டேன். இன்னொன்றும் பார்த்தேன். டைமிங் கவர் போல்ட், ஆயில் பேன் போல்ட், கேஸ்கெட் ஓரம் எல்லாவற்றிலும் ஆரஞ்சு. முழுசாகப் பூட்டிய பிறகு மொத்தமாக ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். காற்று உள்ளே போகிற இன்டேக் மேனிபோல்டும் வார்ப்பிரும்பு என்பதால் அதுவும் ஆரஞ்சு. இப்போது பலர் தனித்தனியாக பெயின்ட் அடித்து, மேலே புது போல்ட் பளிச்சென்று போடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். நானும் பூட்டிவிட்டுத்தான் அடிக்கப்போகிறேன். பிராக்கெட்டெல்லாம் பெயின்ட்டுக்குப் பிறகு வந்தவை, அதனால் அவற்றின் போல்ட் மட்டும் தனி.

அருண், 7:32
சைலன்சர் பக்கம் புகை வெளியேறுகிற மேனிபோல்டு?

கார்த்திக், 7:34
அது வெறும் வார்ப்பிரும்பு நிறம். மேலே பட்ட ஆரஞ்சுத் தூறல் வண்டி ஓடின கொஞ்ச நாளிலேயே கருகிப் போயிருக்கும். துருவுக்காக இரும்பு நிறத்திலேயே சூடு தாங்கும் பூச்சு கொடுக்கிறேன்.

பெரியப்பா, 7:41
பானெட் ஸ்பிரிங்கை யாரிடமாவது கொடுத்துவிட்டாயா?

கார்த்திக், 7:42
திங்கள்கிழமை கொடுக்கலாம் என்று இருந்தேன்.

பெரியப்பா, 7:52
நிறுத்து. ஸ்பிரிங்கை ஆசிட்டில் போடவே விடாதே. ஆசிட்டிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், ஒருநாள் இழுவையில் இருக்கும்போது பட்டென்று உடையும். மணல் அடித்துச் சுத்தம் செய்து, பிறகு பாஸ்பேட் கொடுக்கச் சொல். கடினமான போல்ட்டுக்கு ஜிங்க் போட்டால், உடனே 190 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் அடுப்பில் வை. மஞ்சள் பாசிவேஷன் அதற்கு அப்புறம்தான். முதலில் மஞ்சள் கொடுத்துவிட்டு அடுப்பில் வைத்தால் நிறம் போய்விடும், அந்தப் படலம் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. என் பட்டறையில் இந்த வரிசையை மாற்றியதற்காக ஒரு முழு லாட்டைத் திருப்பி எடுத்திருக்கிறேன்.

கார்த்திக், 7:54
எழுதி வைத்துக்கொண்டேன் பெரியப்பா. நான் வீட்டிலேயே அந்த மஞ்சளைச் செய்து பார்க்கலாமா?

பெரியப்பா, 7:57
வேண்டாம் கண்ணு. பழைய மஞ்சள் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவைப்பது. குழந்தைகள் இருக்கிற வீடு. இப்போது பல கடைகளில் மூன்று இணைதிறன் குரோமியம்தான், அதில் மஞ்சள் சாயம் போலத் தட்டையாக விழும். பழைய முறை இன்னும் செய்கிற, கழிவைச் சரியாகக் கையாளுகிற கடையாகத் தேடு. முதலில் ஒரு சின்ன லிங்க் கம்பியை மட்டும் கொடுத்துப் பார்.

கார்த்திக், 8:03
சரிங்க. கடைசியாக ஒரு படம். என்ஜின் பிளாக்கின் முன்பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, என்ஜின் எங்கே எப்போது செய்தது என்று காட்டும் முத்திரை. முதல் எழுத்து டி, டோனவாண்டா ஆலை. அடுத்து மாதமும் தேதியும். கடைக்காரர் இந்த இடத்தையும் தேய்த்துத் தருகிறேன் என்றார்.
[படம்]

பெரியப்பா, 8:04
நீ என்ன சொன்னாய்?

கார்த்திக், 8:05
இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டு பிளாக்கை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். நாளைக்குத் தாத்தா பார்க்க வருகிறார்.