மலை ஏறினால் கார் ஏசி வென்ட்டில் காற்று நின்றுவிடுகிறது, கேஸ் போட்டும் பயனில்லை

அஸ்தம்பட்டிக்காரன்:
20 வருடப் பழைய பெட்ரோல் கார் (பெயர் போட்டால் கம்பெனிச் சண்டை ஆரம்பிக்கும், விட்டுவிடுகிறேன்). கிளம்பும்போது ஏசி அருமை. அடிவாரம் தாண்டி ஏற்காட்டின் 20 வளைவில் பாதி ஏறுவதற்குள் காற்று மெலிந்து, வாயால் ஊதுவது போல ஆகிவிடுகிறது. ப்ளோயர் முழு வேகத்தில் இரைகிறது, வருகிற கொஞ்சக் காற்றும் ஜில்லென்றுதான் இருக்கிறது. ஒண்டிக்கடையில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் பழையபடி அடிக்கிறது, வண்டிக்கு அடியில் குளம் மாதிரி தண்ணீர். மெக்கானிக் இரண்டு தடவை கேஸ் போட்டுவிட்டார். என்னதான் கோளாறு?

ஸ்பேனர்_சேலம்:
கேள்வியிலேயே பதில் இருக்கிறது தம்பி. காற்று நிறைய வந்து குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரஸர் பக்கம் பார்க்கலாம். குளிர் இருந்து காற்று இல்லை, நிறுத்தினால் சரியாகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் உறைகிற அளவுக்குப் போகாமல், அதன் குளிரை உணரும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை விட்டு விட்டு ஓட்ட வேண்டும், அது கட் ஆகாவிட்டால் காயிலில் படிகிற ஈரமெல்லாம் ஐஸாகி தகடுகளின் சந்தை அடைத்துவிடும், அப்புறம் ப்ளோயர் சுவரைப் பார்த்து ஊத வேண்டியதுதான். நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் உருகியதுதான் அந்தக் குளம். மலையில் இரண்டாவது கியரில் இன்ஜின் சுற்று ஏறும், கம்ப்ரஸரும் கூடவே சுற்றும், மூடுபனி ஈரம் வேறு.
வீட்டு வாசலில் கண்ணாடியை ஏற்றி, ப்ளோயரை ஒன்றில் வைத்து, பானெட்டைத் திறந்து கேளுங்கள். கால் மணி நேரம் ஆகியும் கம்ப்ரஸரின் கிளட்ச் ஒரு தடவைகூட 'டிக்' என்று விடவில்லையா, தெர்மோஸ்டாட்தான்.

நாகலூர்_ஜீப்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் கேஸ் குறைந்தாலும் அழுத்தம் இறங்கி காயிலின் ஒரு பகுதி உறையும், அதனால் கேஜ் போட்டு கேஸ் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை, லீக் தேடாமல் இரண்டாம் முறை போட்டவரிடம் மூன்றாம் முறை போகாதீர்கள். இன்னொன்று, பழைய வண்டி பலதில் உள்ளே வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரே கிடையாது. என் வண்டி சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும், காயிலைத் திறந்தபோது சருகுத்தூளும் எலிக்கூடும் ஒரு முறம் வந்தது! கழுவும்போது பிரஷர் தண்ணீர் மட்டும் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.
அதுவரை, காற்று குறைகிற மாதிரி தெரிந்தால் ஏசி பட்டனை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிடுங்கள், உருகிவிடும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை க்ளோவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாய் காயிலில் செருகியிருக்க வேண்டியது, வெளியே வந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, காயில் குளிர்வது அதற்கு எப்படித் தெரியும்? திரும்பச் செருகி, அடைந்திருந்த தூசியையும் எடுத்தாயிற்று. நேற்று நல்ல மூடுபனியில் ஏற்காடு லேடீஸ் சீட் வரை போனோம், காற்று குறையவே இல்லை. ஓட்டுகிறவர் பக்கத்து ஓர வென்ட் மட்டும் இன்னும் மந்தம், அதற்கு டேஷ்போர்டையே இறக்கணுமா?

ஸ்பேனர்_சேலம்:
அவசரப்படாதீர்கள். வென்ட் கிரில்லை மட்டும் நெம்பி எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே காற்று வருகிற குழாய் (டக்ட்) விலகியிருக்கும், இல்லை மூடி உடைந்து குறுக்கே கிடக்கும்.